என் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு

அன்புள்ள மகனுக்கு,

நான் உனக்குக் கிட்னி கொடுக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் காமயகவுண்டன்பட்டியில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் நம்புகிறார்கள். போன வாரம் கம்பத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். மேற்குத் தெரு பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். அவள் எனக்கு மூத்தவள். "உக்காருத்தா. பெத்த மகனுக்குக் கிட்னிய அறுத்துக் குடுத்த மகராசி நீ. ஒன்னைய நிக்கவச்சிட்டு நான் உக்காந்தா சாமி கண்ணக் குத்தும்" என்றாள். முன் சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் திரும்பி என்னைக் கும்பிட்டார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். "ஊரே சொல்லுது. கல்லு எடுத்துருக்குன்னு ஒம் மகன் சொன்னாகளாம். கல்லுக்குப் போயி யாராச்சும் இம்புட்டு நீளம் கிழிப்பாகளா? தர்ம காரியத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு மறைக்கிறாக, எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். நான் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னேன்: "கிட்னில கேன்சர் இருந்துச்சு பேச்சி. அதான் எடுத்தாக. எடுத்ததத் தூக்கி யாருக்கும் வைக்க முடியாது." கண்டக்டர்கூட விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டான். பேச்சியம்மாள் தன் பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பிறகு, "அப்ப ரெண்டு பேருமே உக்காருவோம், தள்ளு" என்று என்னை ஜன்னல் பக்கம் நெருக்கிவிட்டு உட்கார்ந்தாள். அந்த வியாதி வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நியாயமான மரியாதை அதுதான்.

அதனால் இந்தக் கடிதத்தை நான் மூடி வைக்கப்போவதில்லை. ஒரு பிரதி உனக்கு. இன்னொன்று பேச்சியம்மாளின் பேத்தி வீட்டில் இருக்கும், விரும்பியவர்கள் வாசிக்கட்டும். கல் என்ற பொய்யை நீ ஊருக்குப் பொதுவாகச் சொன்னாய். திருத்தமும் ஊருக்குப் பொதுவாகவே போகட்டும். நீ கோபப்படுவாய் என்று தெரியும். படு. எழுபத்து மூன்று வயதில் எனக்கு உன் கோபத்தைத் தாங்கும் தெம்பு இருக்கிறது, இருக்கும் ஒரு கிட்னியோடு.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. முதுகு வலிக்கு எடுத்த ஸ்கேனில் இடது கிட்னியில் ஏதோ தெரிகிறது என்றார்கள். நீ கோயம்புத்தூரிலிருந்து வந்தாய், மதுரைக்குக் கூட்டிப் போனாய், பதினோரு நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாய். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். டியூப்பைக் கழற்றிய அன்று நான் கத்தியபோது என் கையை நீ பிடித்த பிடியில் உன் மோதிரம் பதிந்த தடம் ரெண்டு நாள் இருந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பதினோரு நாளும் டாக்டர் வந்த ஒவ்வொரு முறையும் நீ அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனதும் உண்மை. "கட்டிதாம்மா, எடுத்தாச்சு, முடிஞ்சிருச்சு" என்று மட்டும் வந்து சொன்னாய். என் மருமகள் கவிதா பையில் இருந்த பேப்பர்களை ஒரு நாள் அடுக்கி வைத்தாள், மறுநாள் அவை பையில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டபோது, "ரிப்போர்ட் ஆஸ்பத்திரியிலயே இருக்கும்மா" என்றாய். நீ பொய் சொல்லும்போது வாக்கியத்தின் கடைசியில் அம்மாவைச் சேர்த்துக்கொள்வாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

கேன்சர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் என் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் நான் வாசித்தேன். கான்வென்ட் போர்டிங்கில் எட்டு வருடம் இங்கிலீஷ் படித்தவளிடம் எழுத்தை மறைத்துவிடலாம் என்று நீ நினைத்தது எனக்கு வருத்தத்தைவிட அவமானமாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் பெயர் மட்டும்தான் இருந்தது. அது எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது இல்லை. "திசுப் பரிசோதனை முடிவு பின்னர் தரப்படும்" என்று இருந்தது. அந்தப் பின்னர் வந்து போய்விட்டது, உன் கைக்கு.

நீ முன்பே பதிந்து வைத்திருந்த நான்காம் மாத ஸ்கேனுக்கு நான் மட்டும் தேனிக்குப் போனேன். போகும் நாளை உனக்குச் சொல்லவில்லை. ஸ்கேன் சென்டரில் கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், தேங்காய் வியாபாரம். கேட்காமலே தன் சட்டையைத் தூக்கி விலாப்பக்கத் தழும்பைக் காட்டினார். "எனக்கு வலது பக்கம். எடுத்து மூணு வருசம் ஆச்சு. போன வருசம் நுரையீரல்ல ரெண்டு புள்ளி வந்துருச்சு. மாத்திரை ஓடுது. மாத்திரை சாப்பிட்டா உள்ளங்கை தோலு உரியும், தேங்கா உரிக்கிறவனுக்கு இது ஒரு தண்டனையான்னு எம் பொண்டாட்டி சிரிக்கிறா" என்றார். அவரும் சிரித்தார். பிறகு, "ஒங்களுக்கு எத்தனாவது ஸ்டேஜுங்கம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை. "பாத்தா டீச்சரம்மா கணக்கா இருக்கீக. ஒங்க சோலி ஒங்களுக்கே தெரியாதா? எனக்கெல்லாம் அன்னைக்கே சொல்லிட்டாக. சொன்னதுனாலதான் மகளுக்கு மாப்ள பாத்து, தையில கல்யாணத்த முடிச்சு, பேரனையும் பாத்துட்டேன். சொல்லாம இருந்தா இன்னும் ஜாதகத்தத் தூக்கிட்டு அலைஞ்சுக்கிட்டுல்ல இருப்பேன்" என்றார். என் வாழ்நாளில் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் நான் தலைகுனிந்தது மிகக் குறைவு. அன்று குனிந்தேன், என் உடம்பைப் பற்றிய கேள்விக்கு.

டாக்டர் ஒரு சின்னப் பெண். "பாட்டி, ஸ்கேன் சுத்தமா இருக்கு, போயிட்டு வாங்க" என்றாள். அம்மா என்று சொன்னால் போதும் என்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இனி எனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஸ்கேனுக்குப் பதியும்போதே உங்க மகன் போன்ல பேசினாங்கம்மா. உங்ககிட்ட எதுவும் விவரமா சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க." நான் கேட்டேன்: "கேன்சர் யாருக்கு டாக்டர், அவனுக்கா, எனக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மனுஷியாகப் பேசத் தொடங்கினாள்.

அவள் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிச் சரிபார்த்தும் கொண்டேன். இந்த ஸ்கேன் சுத்தமாக இருப்பது நல்லது, ஆனால் அது இன்றைய நிலையை மட்டும் சொல்கிறது. இனி எப்படி என்பதை எடுத்த கிட்னியைச் சோதித்த ரிப்போர்ட்தான் சொல்லும். மூன்று விதமாக இருக்கலாம். கட்டி கிட்னிக்கு உள்ளேயே அடங்கி, வெட்டிய ஓரமும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலானவர்கள் பல வருடம் இருக்கிறார்கள், வேறு ஏதாவது வியாதியில்தான் போகிறார்கள். கிட்னியைச் சுற்றியுள்ள கொழுப்புக்கோ அதன் ரத்தக் குழாய்க்கோ தாண்டியிருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. அப்படித் தாண்டியும் திரும்பி வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஸ்கேனை ஒரு தடவைகூடத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தால் பாதை கடினம். கடினம் என்றால் முடிந்தது என்று பொருள் இல்லை, இப்போது மருந்து இருக்கிறது. எத்தனை வருடம் என்று கேட்டேன். "நூறு பேர்ல இத்தனை பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்கன்னு கணக்கு இருக்கும்மா. ஆனா அந்த நூறு பேர்ல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது. அவங்க எல்லாம் பல வருஷத்துக்கு முந்தி ஆபரேஷன் பண்ணினவங்க, எல்லா வயசும் உண்டு, சர்க்கரை உள்ளவங்களும் உண்டு" என்றாள். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும் உண்டு. உப்பைக் குறைத்திருக்கிறேன், ஊறுகாயை விட்டாயிற்று, முழங்கால் வலிக்கு நானாக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைக் குப்பையில் போட்டாயிற்று. இருக்கும் கிட்னிக்கு நான் நல்ல எஜமானியாக இருக்கிறேன் என்று அவளே சொன்னாள்.

புறப்படும்போது அவள் ஒன்று கேட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் மேற்கொண்டு மருந்து போடலாமான்னு மதுரையில உங்ககிட்டப் பேசினாங்களாம்மா? சில பேருக்கு அதைக் கேப்பாங்க. சீக்கிரமே முடிவு பண்ண வேண்டியது." என்னிடம் யாரும் பேசவில்லை. உன்னிடம் பேசினார்களா? பேசியிருந்தால் நீ என்ன சொன்னாய்? தேனியிலிருந்து திரும்பும் வழியெல்லாம், சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் தாண்டி, நான் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். வயதானவளுக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று நினைத்து வேண்டாம் என்று சொல்லியிருப்பாயோ? அன்பினால்தான் சொல்லியிருப்பாய். நானும் ஒருவேளை வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது.

இப்போது நான் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ இதை யாரிடம் கற்றாய் என்று யோசித்தேன், யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. என்னிடம்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்கு வயிற்றில் டியூப் விட்டுப் பார்த்துவிட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். நீ கல்லூரி லீவுக்கு வந்திருந்தாய், பீரோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். அவர் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவர். இங்கிலீஷில் எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் நீட்டி, "வாசி" என்பார். பேங்க் தாள், மருந்துப் பெட்டி, மோட்டாருக்கு வந்த புஸ்தகம், எல்லாம் அவருக்கு நான்தான் வாசித்தேன். "எனக்கென்னப்பா, எங்க வீட்ல இங்கிலீசு இருக்கு" என்று டீக்கடையில் பெருமை பேசுவார். அன்றும் நீட்டினார். நான்கு வரி டைப் செய்திருந்தது. "குடலில் புண். ஆற நாளாகும்" என்று வாசித்தேன். ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடாதவள், தாளில் இல்லாததைக் கூசாமல் வாசித்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். உனக்கு இங்கிலீஷ் தெரியும். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவரை ஏமாற்றினோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லா வீட்டிலும் செய்ததை நான் வேறு எந்த விஷயத்தில் செய்திருக்கிறேன்?

அப்போது அவருக்கும் தேவாரம் ஊரில் இருந்த உன் சித்தப்பாவுக்கும் பேச்சு இல்லை. தோட்டத்து எல்லைக்குப் பக்கத்தில் போர்வெல் போட்டதில் வந்த சண்டை. சித்தப்பா உடம்பு விசாரிக்க வருகிறேன் என்று ஆள் சொல்லி அனுப்பினார். உன் அப்பா, "வர வேணாம்னு சொல்லு. அவென் என்னைய நோயாளியாப் பாக்கக் கூடாது. புண்ணு ஆறட்டும், நானே தேவாரத்துக்குப் போயி அவென் வீட்டு வாசல்ல நின்னு, ஏலே வெளிய வாடான்னு கூப்புடுறேன்" என்றார். ஆறும் என்று நான் வாசித்த புண்ணுக்காக அவர் ஐந்து மாதம் காத்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி வாரம் தண்ணீர் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து, "அன்னைக்கு அந்தத் தாள்ல நாலு வரி இருந்துச்சு. நீ வாசிச்சது ரெண்டு வரி. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ பொய் வாசிக்க மாட்டன்னு இருந்துட்டேன்" என்றார். திட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் சித்தப்பாவைப் பற்றிப் பேசவும் இல்லை. சித்தப்பா வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் அப்பாவுக்குத் தெரியாமலே போனது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரிந்தது, எதற்கும் உதவாத நேரத்தில் தெரிந்தது.

அதனால் உன்மேல் நான் குற்றம் சுமத்தி இதை எழுதவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை நீ செய்தாய். கற்றுக்கொடுத்தவளே வந்து அது தப்பு என்று சொல்கிறேன், நிறுத்திக்கொள்.

நான் இதை இந்த வாரமே எழுத ஒரு காரணம் இருக்கிறது. தெற்குத் தோட்டத்துப் பன்னீர் திராட்சைக் கொடி வயதாகிவிட்டது. குலை சிறுத்துப் போனது, மருந்து அடித்து மாளவில்லை. கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் குச்சி நடுவது என்று நானும் கருத்தப்பாண்டியும் சித்திரையிலேயே பேசி முடித்தோம். நம் தோட்டத்தில் இருபது வருடமாக இருக்கிறவன், அவன் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் ஏதோ இருக்கிறது என்று பொருள். புதன்கிழமை அப்படித்தான் வந்து நின்றான். "கொடி இப்பதைக்கு வேணாம்னு அண்ணன் போன் போட்டுச் சொன்னாக. நட்டா மொதக் குலை பாக்கவே ஒரு வருசத்துக்கு மேல ஆகும்ல... அதான் கொஞ்சம் பொறுத்து..." என்று இழுத்தான். என்ன பொறுத்து என்றேன். "பொறுத்துத்தான்" என்றான். "நான் செத்த பெறகா?" என்று கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏன் ஆத்தா என்னையக் கொல்றீக? போனப் போட்டு அவுககிட்டயே கேளுங்க" என்று நடையைக் கட்டினான்.

ஆக, என் ஆயுள் எவ்வளவு என்று நீ கருத்தப்பாண்டியிடம் மறைமுகமாகச் சொல்லிவிட்டாய், என்னிடம் சொல்லவில்லை. முதல் குலையை நான் பார்க்க மாட்டேன் என்று அந்த ரிப்போர்ட்டில் இருக்கிறதா? அல்லது கேன்சர் என்ற சொல்லைக் கேட்ட பயத்தில் நீயாகவே எடுத்த முடிவா? இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. முதலாவது என்றால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டாவது என்றால் நீ ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுத் தெளிய வேண்டும். எனக்காக நான் பயப்படும் அளவுக்கு மேல் நீ பயப்படுகிறாய் என்று சந்தேகப்படுகிறேன்.

எது வந்தாலும் நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை எழுதிவிடுகிறேன், பிறகு நீ ஒளிக்க வேண்டிய தேவை இருக்காது. ரிப்போர்ட் முதல் விதமாக இருந்தால் தெற்குத் தோட்டம் முழுவதும் புதுக் கொடி நடுகிறேன், பந்தலில் சாய்ந்துபோன கல் தூண்களையும் நிமிர்த்துகிறேன். உன்னோடு கோயம்புத்தூர் பிளாட்டில் வந்து இருக்க மாட்டேன், பொங்கலுக்கு வருவேன். இரண்டாவது விதம் என்றால் அப்போதும் நடுகிறேன். ஸ்கேன் தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதி ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டேன், நீ வர வேண்டியதில்லை, தேனிக்குப் பஸ் இருக்கிறது. மூன்றாவது என்றால் மதுரைக்கு நீ என்னைக் கூட்டிப் போக வேண்டும். டாக்டர் வராந்தாவுக்கு எழுந்தால் நானும் எழுந்து வருவேன். மருந்து எடுப்பதா, வேண்டாமா, எதுவரை என்பதை அவர் சொல்லக் கேட்டு நான் முடிவு செய்வேன். அப்போதும் பாதித் தோட்டத்தில் கொடி நடுவேன். மீதிப் பாதியில் என்ன செய்வது என்று நீயும் நானும் பேசலாம். அழுவதாக இருந்தால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் அழுதுகொள்ளலாம், அதற்கும் எனக்கு ஆட்சேபனை இல்லை. நான் ஒன்றும் சாவுக்குப் பயப்படாதவள் இல்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது கால் நடுங்கியது, போர்வையை நன்றாக இழுத்து மூடச் சொன்னேன், குளிர்கிறது என்று பொய் சொன்னேன். பயம் இருக்கிறது. விவரம் தெரியாத பயத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அந்த ரிப்போர்ட்டை நானே வாங்க முடியும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். விண்ணப்பமும் ஆதார் நகலும் கொண்டுவந்தால் இன்னொரு பிரதி தருகிறோம் என்றார்கள். விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. ஒரு கிளார்க்கின் கையிலிருந்து வாங்குவதைவிட உன் கையிலிருந்து வாங்க வேண்டும் என்று இருக்கிறது. இதற்குக் கெடு கார்த்திகை முதல் தேதி. அன்று கருத்தப்பாண்டி பழைய கொடியைப் பிடுங்க ஆள் கூட்டி வருகிறான். அவனிடம் மறுபடி பேசிவிட்டேன், நீ போன் செய்தாலும் இனி உன் பேச்சைக் கேட்க மாட்டான்.

போனில் அழைக்க வேண்டாம். போனில் நீ சமாதானம் சொல்வாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் தபாலில் அனுப்பு. அதோடு ஒரு தாளில் உன் கையெழுத்தில் இரண்டு விஷயம் எழுது: மூன்றில் எது என்பது, மேற்கொண்டு மருந்து வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்களா, கேட்டிருந்தால் நீ என்ன பதில் சொன்னாய் என்பது. தமிழிலோ இங்கிலீஷிலோ, எப்படி வந்தாலும் சரி. கார்த்திகை முதல் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுதி அனுப்பு.

உன் அம்மா